ஓய்வுநாள் மாலையில் சூடான ரொட்டி

யூதர்கள் கப்பலேறி வந்து குடியேறிய பிரவுன்ஸ்வில்லில் ஹிண்டா வைத்திருந்த மளிகைக் கடையில், லேபிள் இல்லாத ரொட்டி படியேறாது. கட்டைவிரல் நகம் அளவுள்ள அந்தக் காகிதத்தை, மாவு அடுப்புக்குள் போகுமுன்பே ஈரம் தொட்டு ஒட்டிவிடுவார்கள். ரொட்டியோடு சேர்ந்து வெந்து, ஓரம் கருகி, மேலோட்டோடு அது ஒன்றாகிவிடும். பேக்கரித் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை அது. இதைச் சுட்டவன் நிலவறையில் மாவு மூட்டைமேல் சுருண்டு கிடக்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்தான், வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு நட்சத்திரம் முளைக்கும்வரை நீளும் ஓய்வுநாளில் அவன் கை மாவைத் தொடவில்லை என்று அந்தச் சின்னக் காகிதம் வாயில்லாமலே சொல்லும்.

ஹிண்டாவின் கணவர் ஆவ்ரம், லேபிள் வராத காலத்துத் தொழிலாளி. நிலவறைப் புகையும் மாவுத்தூசியும் அவர் நெஞ்சைத் தின்று தீர்த்துவிட்டன. அவரோடு ஒரே பலகையில் மாவு பிசைந்தவர் கெட்ஸல். வேலைநிறுத்தத்தில் போலீஸ் தடியால் வாங்கிய தழும்பு இன்னும் அவர் காதோரம் இருக்கிறது. அவர் சொந்தமாகப் பேக்கரி திறந்தபோது, ஹிண்டா அவரிடமே ரொட்டி எடுக்கத் தொடங்கினாள். அதோடு நிற்கவில்லை. முதலாளியான பிறகு எவன் யோக்கியனாக இருப்பான் என்று சந்தேகப்பட்ட பெண்களிடமெல்லாம், கெட்ஸலின் ரொட்டிக்குத் தான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

கெட்ஸலும் பழைய நட்பை மறக்கவில்லை. ஆவ்ரம் இறந்ததிலிருந்து, ஓய்வுநாள் கழிந்து சுடும் முதல் ரொட்டி ஹிண்டாவுக்குத்தான். அவரே கொண்டுவந்து கொடுப்பார். அவளுக்குக் கண் சொக்கும் நேரத்துக்குத்தான் வழக்கமாக அது வந்து சேரும்.

அந்தக் குளிர்காலச் சனிக்கிழமை, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து, ஓய்வுநாளை வழியனுப்பும் மெழுகுவத்தியை அவள் அணைத்த கையோடு கெட்ஸல் கதவைத் தட்டினார். அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். கெட்ஸல் அவசரமாக ரொட்டியை அவள் கையில் வைத்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு ஓடினார்.

ரொட்டி கையைச் சுட்டது. அதைப் பிடித்தபடி ஹிண்டா வாசலிலேயே நின்றாள். பேக்கரிக்காரன் பெண்டாட்டிக்கு யாரும் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பு ரொட்டி மாவு பிசைந்து, பொங்கி, உருட்டி, மறுபடி பொங்கி, வெந்து வெளியே வரப் பாதி இரவாவது பிடிக்கும். நட்சத்திரமோ இப்போதுதான் முளைத்திருந்தது. அப்படியானால் இந்த மாவைப் பகல் வெளிச்சத்தில், ஓய்வுநாளிலேயே யாரோ பிசைந்திருக்கிறார்கள். மேலே லேபிள் குறையில்லாமல் வெந்து ஒட்டியிருந்தது.

அந்த ரொட்டியை அவள் அறுக்கவில்லை. வேறு காரணம் ஏதாவது இருக்கவேண்டுமே என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு படுத்தாள்.

ஞாயிறு காலை கெட்ஸலின் பேக்கரிக்குப் போனாள். சந்தேகத்தை மட்டும் சுமந்துகொண்டு ஒரு வீட்டுக்குப் போக அவளுக்கு மனம் வராது. ஒரு பானை பார்லிக் கஞ்சியும் எடுத்துப் போனாள். நிலவறைப் படியில் இறங்கியபோது, மாவு மூட்டைகள்மேல் மனிதர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் எழுந்து உட்கார்ந்தான். பெயர் ஃபைவிஷ், கப்பலைவிட்டு இறங்கி ஒரு வருஷங்கூட ஆகாதவன். கஞ்சியை வாங்கிக் குடித்தபிறகு, அவள் கேட்காமலே ஒரு பெட்டியைத் திறந்து லேபிள் கட்டுகளைப் பெருமையாகக் காட்டினான்.

"நாங்களும் சங்கந்தாம்மா. முதலாளிதான் சேத்துவிட்டாரு."

"கூட்டத்துக்குப் போறதுண்டா?"

"கூப்பிட மாட்டேங்கறாரு. அங்க எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசுவாங்களாம். உங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது, நானே போய்ட்டு வந்து சொல்றேங்கறாரு."

ஹிண்டா பானையின் காதைப் பிடித்துக்கொண்டாள். சங்கக் கூட்டத்தில் எவனாவது இங்கிலீஷில் வாய் திறந்தால் நாற்காலி பறக்கும். சண்டையும் சாபமும் தீர்மானமும் எல்லாம் யூதர்களின் வீட்டு மொழியில்தான். ஆவ்ரம் அங்கே கத்திவிட்டுத் தொண்டை கட்டி வந்த நாட்கள் எத்தனை!

ஓய்வுநாள் வேலையைப் பற்றிக் கேட்டாள். ஃபைவிஷ் தலையைக் குனிந்துகொண்டான். "மனசு அடிச்சுக்குதும்மா. ஆனா சங்கமே அனுமதி குடுத்திருக்குன்னு சொன்னாரு. அவங்க பெரியவங்க, தெரிஞ்சுதான செஞ்சிருப்பாங்க?"

அவள் படியேறி வந்தபோது மேலே கெட்ஸல் நின்றார். அவர் எதையும் மறுக்கவில்லை. சங்கக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, வசந்தத்திலேயே ஒப்பந்தம் முறிந்துவிட்டது, லேபிள் தானே அச்சடித்தது என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ வாயைத் தொறந்தா எனக்கு ஜெயிலு, ஹிண்டா."

"தெரியும். கள்ள லேபிளுக்குச் சட்டம் வேணும்னு நீங்களும் எங்க வீட்டுக்காரரும்தான வீடு வீடா ஏறிக் கையெழுத்து வாங்குனீங்க."

"அவன் போனதுலேர்ந்து ஒரு வாரமாவது உனக்கு ரொட்டி கொண்டாராம இருந்திருக்கேனா? அதுவும் பொய்யா?"

"அது பொய்யா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன். அது நெசம். அதான் தாங்கல."

கடைக்குத் திரும்பி, தட்டிலிருந்த ரொட்டியையெல்லாம் இறக்கினாள். பேசாமலிருந்தால் எவருக்கும் தெரியப்போவதில்லை. பேசினால், லேபிளுக்கு அடுத்தபடி தெரு நம்பிய தன் வாக்கும் செல்லாக்காசாகும். வந்தவர்களிடம் சொன்னாள். கெட்ஸலின் லேபிள் கள்ளம், நான் கொடுத்த வாக்கு தப்பு என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். சிலர் வெறுங்கூடையோடு வெளியேறினார்கள். மூன்றாம் மாடி ப்ரோகா மட்டும் நின்று வாங்குவாங்கென்று வாங்கினாள். தெருவே பயப்படும் நாக்கு அவளுக்கு.

"பொறுப்பு பொறுப்புன்னு மாரைத் தட்டுனியே? இப்ப என் பிள்ளைங்க வயித்துல கிடக்கறதுக்கு யாரு பொறுப்பு?"

"நாந்தான்," என்றாள் ஹிண்டா. "சங்கத்துல போய்ச் சொல்லப் போறேன். கோர்ட்டுலயும் சொல்லணும். அந்த ஆளுங்க தாங்களும் சங்கம்னு நம்பிக்கிட்டுத் தூங்கறாங்க, ப்ரோகா."

கதவைப் பூட்டச் சாவியை எடுத்தாள். ப்ரோகா கூடையைக் கீழே வைத்தாள். மேசைக்குப் பின்னால் போய், ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துத் தன் பருத்த இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை எவளாவது கடையைப் பூட்டுவாளா? போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன். ஒரு பய கடன் கேக்க மாட்டான்."

அவளைப்போல ஒருத்தியை அந்த நேரத்தில் அங்கே நிறுத்தியது ஆண்டவர்தான் என்பதில் ஹிண்டாவுக்குச் சந்தேகமே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சங்க அலுவலகம் இருந்த பக்கமாக நடந்தாள்.