மூன்று மடக்கு

உங்கள் கையால் கொடுத்ததுதான் ஒருவருடைய புத்தியைத் தின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வீர்கள்? நான் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் மச்சான், என் அக்காவின் கணவர். துணி தைக்கும் கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஒரே வரிசை. அவர் காலர் தைப்பார், நான் பொத்தான் வைப்பேன். தங்குவதும் ஒரே அறையில்தான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டதிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது நான். “உன்னை நம்பித்தான் விட்டிருக்கேன்” என்று ஊரிலிருந்து அக்கா போனில் சொல்வாள்.

சாப்பிடும்போதெல்லாம் அவர் ஒரு வெள்ளை மாத்திரை போட வேண்டும். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸை ரத்தத்துக்குப் போகவிடாமல் கட்டிப்போடும் மாத்திரை. வேறு மாத்திரை எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தது.

“இது மாத்திரையா, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா மாப்ள?”

“முழுங்குங்க மச்சான். உள்ள வெள்ளையடிச்சு பளிச்சுனு இருக்கும்.”

இரண்டு நாள் வாந்தி எடுத்தார். தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும். அதனால் அரை எலுமிச்சம்பழத்தைச் சின்ன டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். மூன்று மடக்கு வரும். மாத்திரை இறங்கியது, வாந்தி நின்றது. “உங்க அக்காவுக்கு இந்த மூளை இல்லடா” என்றார். எனக்குப் பெருமை. ஒன்பது மாதம், ஒரு வேளை தவறவில்லை. கம்பெனிக்கும் பழத்தை நறுக்கி டப்பாவில் எடுத்துப்போனேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அலுமினியம் ஆகாது என்று சூப்பர்வைசர் எங்கேயோ கேட்டுவந்து சொன்னபோது, அன்றைக்கே அறையிலிருந்த அலுமினியச் சட்டிகளைத் தூக்கிப்போட்டு ஸ்டீலில் வாங்கினேன்.

போன மாதம் அவருக்குப் பேச்சு மாட்ட ஆரம்பித்தது. கத்தரிக்கோல் கேட்க வாயெடுத்தால் “கத்... கத்...” என்று நிற்பார். “கத்தணும்னா வெளிய போய் கத்துங்கண்ணே” என்று வரிசையில் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். இந்த வாரம் கை தானாக வெட்டி இழுத்து, மெஷின் ஊசி அவர் விரலில் இறங்கியது. யாருடைய விரலையோ பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். இல்லை என்போம். எலுமிச்சம்பழத்தை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? நேற்றுத்தான் வேறு மாதிரி கேட்டார்.

“மாத்திரையை எதோட குடுக்கறீங்க?”

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்த மாத்திரையே அலுமினியம்தான்.”

“சட்டியெல்லாம் தூக்கிப்போட்டேனே டாக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. “சும்மா தண்ணியில போட்டிருந்தா பெரும்பாலும் குடல்லயே நின்னு வெளிய போயிருக்கும். எலுமிச்சையில இருக்கற புளிப்பு, குடல்ல அதுக்குக் கதவைத் திறந்து விட்டுடும். நல்ல கிட்னி இருந்தா வெளிய தள்ளிடும். இவருக்கு அது இல்ல. மூளையிலயும் எலும்புலயும் போய் உக்காந்துடுச்சு. நாங்களும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

ஒன்பது மாதம், மூன்று வேளை. கணக்குப் போடப் பார்த்தேன், முடியவில்லை.

“பழையபடி ஆவாரா?”

“அதை இழுத்து எடுக்க ஒரு ஊசி இருக்கு. எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது.”

மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “நா... நாக்கு வறளுது மாப்ள. அந்த மூணு மடக்கு குடு.”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கே மச்சானை வார்டில் சேர்த்தார்கள்.

இன்று காலை ஏழு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். “போனை அவர்கிட்ட குடு” என்றாள். கொடுத்தேன். அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பழ டப்பாவைப் போல எந்தப் பக்கம் திறக்கும் என்று நகத்தால் தேடினார். உள்ளே அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.