கதவைத் திறக்கும் சத்தம்

பெரியகல்லாற்றில் எதையும் கேட்காமல் விடாத ஒருத்தி உண்டென்றால் அது இலட்சுமிப்பிள்ளைதான். பெண்களுக்குத் தற்காப்புச் சொல்லித்தர யோகமலர் டீச்சர் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி வந்தபோதும் முன்வரிசையில் அவள்தான்.

அவளுக்குக் காரணமும் இருந்தது. இறால் உரிக்கும் வாடிக் கொட்டகையில் வேலை முடிந்து வாவிக்கரை ஒழுங்கையால் வரும்போது ஒரு சைக்கிள்காரன் தினமும் பின்னால் வந்தான். வீட்டில் சொன்னால் அம்மா சீதேவிப்பிள்ளை வேலையை நிறுத்திவிடுவாள். இலட்சுமிக்கோ அந்த வேலையை விட மனமே இல்லை.

"மணிக்கட்டைப் பிடிச்சா, அவன்ட பெருவிரல் பக்கமாத் திருப்பி இழுங்க" என்றாள் டீச்சர். அந்தச் சின்னத் திருப்பலில் கை வழுக்கி வருவது இலட்சுமிக்குப் பெரிய அதிசயம். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள்.

"இப்ப எல்லாரும் 'காப்பாத்துங்க' எண்டு கத்துங்க."

கத்தினார்கள். உடனே வெளியே அதே வாவிக்கரை ஒழுங்கையில் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. இலட்சுமி எட்டிப் பார்த்தாள். இராணுவச் சுற்றிவளைப்பும் வெடிச்சத்தமுமாக இருந்த காலம். அலறல் கேட்டால் கதவைச் சாத்தி விளக்கை அணைப்பதுதான் ஊர் பழகிய பாடம். இலட்சுமி டீச்சரிடம் திரும்பினாள்.

"அப்ப என்ன சத்தம் கேட்டா கதவு திறப்பாங்க டீச்சர்?"

"எனக்கும் தெரியல்ல. யோசிச்சிட்டு வாங்க."

இறால் உரிக்கும்போதும் அந்தக் கேள்வி இலட்சுமியை விடவில்லை.

அந்த வாரமே, பொழுது சாயும் நேரம், ஒழுங்கையில் அந்தச் சைக்கிள்காரன் வண்டியைக் குறுக்கே போட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். திருப்பினாள். அவன் இரண்டு கையாலும் இறுக்கினான். கத்த வாயெடுத்தவளுக்குச் சாத்திய கதவுகள் நினைவுக்கு வந்தன. நாக்கைச் சுழற்றி, கல்யாண வீட்டில் பெண்கள் இடுவதுபோல நீட்டி ஒரு குரவை இட்டாள்.

கதவுகள் திறந்தன. யார் வீட்டில் நல்ல காரியம் என்று அறியாமல் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருப்புக்கொள்ளுமா?

"ஆருட வீட்டிலகா விசேசம்?"

விளக்கும் கையுமாக ஒழுங்கை நிறைந்தது. திகைத்தவனின் பிடி தளர, இலட்சுமி பெருவிரல் பக்கமாகக் கையை உருவினாள். அவன் சைக்கிளையும் விட்டுவிட்டு ஓடினான்.

கூட்டத்தில் அம்மாவும் நின்றாள். இலட்சுமியின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டே படுத்தாள் இலட்சுமி.

விடிந்ததும் அம்மா வாடிக்குக் கொண்டுபோகச் சோற்றுப் பார்சலை நீட்டினாள்.

"இனி இட்டா, குரவையை இன்னும் உரத்து இடு மகள். பின்வீட்டாளுக்குக் கேக்கல்லையாம்."