ரப்பர் குழாய்க்கு ஒரு சாண் முன்னால்

எங்கள் தெரு எங்கும் போகாது. அதுதான் அதற்கு இருக்கும் ஒரே பெருமை. ஒரு முனையில் பெரிய சாலை, மறு முனையில் ஆளுயரச் சுவர். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு உயிரோடு வீடு திரும்புவது என் தொழில். அதற்கு எங்கும் போகாத தெரு ஒன்று வேண்டும். ஊரே ராட்சச வேகத்தில் வளர்ந்து மற்ற தெருவெல்லாம் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்க, எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போனால் என் பிழைப்பும் கூடவே போய்விடும்.

சுவருக்குப் பின்னால் முன்பு வெறும் முள்காடு. இப்போது மழைக்குப் பிறகு காளான் முளைத்த மாதிரி அடுக்குமாடிகள். அங்கே இருப்பவர்கள் பெரிய சாலைக்கு வர ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அதனால் சுவரை இடித்து எங்கள் தெருவை இணைப்புச் சாலையாக ஆக்கலாமா என்று சாலைத் திட்ட அலுவலகம் யோசித்தது. அதற்கு முன்னால், இப்போதே இங்கே எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டுமாம். நிறைய ஓடினால் இது ஏற்கெனவே பொதுச் சாலை மாதிரிதான், அகலமாக்கித் திறந்துவிடலாம். கொஞ்சமாக ஓடினால் வெறும் குடியிருப்புத் தெரு, தொட மாட்டார்கள்.

ஒரு நாள் காலை இரண்டு பேர் வந்து தெருவின் நடுவே, குறுக்காக, ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் படுக்கப்போட்டு ஆணியடித்தார்கள். ஓரத்தில் மரத்தோடு சேர்த்து ஒரு பெட்டியைக் கட்டினார்கள். சக்கரம் குழாய் மேல் ஏறினால் பெட்டி எண்ணிக்கொள்ளும். ஒரு வாரம் கிடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலமே குடியிருப்போர் சங்கம் கூடியது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எங்கள் சங்க அறை, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர் வேறு யாருமில்லை, என் கணவரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட எழுந்து நின்று உரையாற்றுகிற மனுஷர்.

"ஒரு வாரம், ஒரே வாரம். யாரும் அந்தக் குழாய் மேல வண்டியை ஏத்தக் கூடாது. நடந்து போங்க. உடம்புக்கும் நல்லது" என்றார்.

"ஸ்கூட்டர் பரவாயில்லையா?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"ஸ்கூட்டரும் வண்டிதான்."

"அப்ப நான் கிளினிக் போறது எப்படி?"

"தூக்கிட்டுத் தாண்டுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை பார்த்தால், பல் டாக்டரும் அவர் மருமகனும் ஸ்கூட்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல, குழாய்க்கு அந்தப் பக்கம் மெல்ல இறக்கி வைத்தார்கள். தலைவர் பக்கத்தில் நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு தெருவுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வீட்டுக்குப் புது சோபா வந்தது. லாரியைப் பெரிய சாலையிலேயே நிறுத்தி, நாலு பேர் சோபாவைச் சுமந்து வந்தார்கள். கால் வலிக்கிறது என்று மேலாளரின் மாமியார் சொல்ல, அந்த அம்மாவையும் அதன் மேலேயே உட்கார வைத்துத் தூக்கினார்கள். குழாயைத் தாண்டும்போது அந்த அம்மா எல்லோருக்கும் கை காட்டினார்.

நானும் என் பங்குக்கு மாணவர்களுக்கெல்லாம் லீவு விட்டேன், ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி என் ஓரகத்தி. தலைவரின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

தலைவரிடம் நல்ல கார் ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் உறைக்குள் தூங்கும், ஏழாம் நாள் குளிக்கும். அக்கா ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்கும்போதெல்லாம், "உனக்கு எதுக்கு வண்டி? எங்க போகணும்னாலும் சொல்லு, நான் இருக்கேன்ல" என்பார். சொன்னால் தலைவருக்கு அன்று கூட்டம் இருக்கும். அக்கா ஆட்டோ பிடித்துப் போவாள். நான் ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், என் சொந்த ஓரகத்தி ஆட்டோவில் போகிறாள். எனக்கு வயிறு எரியாதா? கடைசியில் ஒரு நாள் அவளே வந்து, "அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பேசிப் பேசியே கெடுத்துடுவார்" என்றாள். நானும் யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தேன்.

தலைவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மத்தியான நேரம்தான் எங்கள் வகுப்பு. அப்போது இடி விழுந்தாலும் அவர் எழ மாட்டார். மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அப்படியும் யாராவது பார்த்துவிட்டால் என்று அக்கா ஒரு யோசனை செய்தாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு கார் ஓட்டினாள்.

"கார்ல யாரும் ஹெல்மெட் போட மாட்டாங்கக்கா."

"அதனாலதான் நான்னு யாருக்கும் தோணாது" என்றாள்.

அவளுக்கு டெஸ்ட் மறு வாரம். எல்லாம் வந்துவிட்டது, நிறுத்துவது மட்டும் வரவில்லை. கோடு போட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னால், கோட்டைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்து வருத்தப்படுவாள். அழியாத கோட்டுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கறுப்புக் குழாய் கண்ணில் பட்டது. தெருவுக்குக் குறுக்கே, நேராக, பளிச்சென்று. கடவுளே கொண்டுவந்து போட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, அந்தக் குழாய்க்கு ஒரு சாண் முன்னால நிறுத்தணும். தொடவே கூடாது."

தொட்டாள். ஏறினாள். தாண்டினாள். ரிவர்ஸில் வரச் சொன்னேன், அதே குழாய் மேல் ஏறி வந்தாள். மறுபடியும் போனாள். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, ஆனால் நானே மிதித்துக்கொண்டிருந்தால் அவள் எப்போது கற்றுக்கொள்வாள்? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று நான் திட்டுவேன். "குழாய்தான் நகருது" என்பாள் அவள். வாரம் முழுக்க, மத்தியானம் முழுக்க, முன்னாலும் பின்னாலும் இதே கதைதான்.

எண்ணிவிடுமே என்று உனக்குத் தோன்றவில்லையா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தோன்றியது. ஆனால் ஒரே வண்டியை எத்தனை தடவை எண்ணும்? ஒரு முறை எண்ணியாகிவிட்டால் அதற்கு அடையாளம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அலுவலகத்து மெஷின், அவ்வளவு முட்டாளாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

வாரம் முடிந்ததும் சாலைத் திட்டப் பொறியாளர் மடிக்கணினியோடு சங்க அறைக்கு வந்தார். இளம் பெண். தலைவர் சால்வை கூடத் தயாராக வைத்திருந்தார். தெரு மொத்தமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஒரு நாளைக்குச் சராசரியா நானூறு வண்டி போகுது. இது தெரு இல்லைங்க, நெடுஞ்சாலை. அகலப்படுத்தித்தான் ஆகணும்" என்றார் பொறியாளர்.

தலைவர் கையிலிருந்த சால்வை தானாக மடியில் விழுந்தது. சோபாவில் வந்த மாமியார், "என்னையும் சேர்த்து எண்ணிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னொண்ணு. எல்லா வண்டியும் மத்தியானம் மட்டும்தான் வருது. அதுவும் ஆமை வேகத்துல" என்றார் பொறியாளர்.

பல் டாக்டர் எழுந்தார். "நான் ஒரு மத்தியானம் ஜன்னல் இடுக்கு வழியா பார்த்தேன். ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தன் கார் ஓட்டினான். பகல்ல கனவுன்னு நினைச்சேன்."

"சதி. அடுக்குமாடிக்காரங்க அனுப்பின ஆளு" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

வாயைத் திறந்தால் அக்காவுக்குச் செய்த சத்தியம் போகும், திறக்காவிட்டால் தெரு போகும், என் பிழைப்பும் போகும். யார் தலையில் இடி விழட்டும் என்று தெரியாமல் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ஆளு யாரும் இல்லை. நான்தான்."

"நீ உக்காரு. இது சங்க விஷயம்" என்றார் தலைவர்.

"சங்க விஷயம்தான் பேசறேன். அந்த நானூறு வண்டியும் நான்தான். இவ எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறா. எனக்குப் பிரேக் பிடிக்க வரலை."

பொறியாளர் நம்பவில்லை. "ஒரே கார் இவ்வளவு தடவை ஏற முடியுமா? நேர்ல பார்த்தாத்தான் நான் எழுத முடியும்" என்றார்.

எல்லோரும் தெருவுக்கு வந்தோம். பொறியாளர் மடிக்கணினியோடு குழாய் ஓரத்தில் நின்றார். அக்கா என் காரில் ஏறினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள்.

"இன்னும் எதுக்குக்கா அது?"

"இல்லாட்டி கை வர மாட்டேங்குதுடி."

வண்டி கிளம்பியது. குழாயை நெருங்கியது. அப்படியே நின்றது. நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். குழாய்க்குச் சரியாக ஒரு சாண் முன்னால் நிற்கிறது சக்கரம்.

"ஒண்ணும் எண்ணலையே" என்றார் பொறியாளர்.

பின்னால் போய் மறுபடி வந்தாள். மறுபடி ஒரு சாண். மூன்றாம் முறையும் அதே ஒரு சாண், ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி. தொண்டை கிழியக் கத்தியது வீண்போகவில்லை என்று சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே கண் எதிரே என் பிழைப்பும் போய்க்கொண்டிருந்தது. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

தலைவர் ஓடி வந்தார். ஒரு சக்கரம்கூட ஏறக் கூடாது என்று ஒரு வாரம் காவல் காத்த அதே மனுஷர், குழாயைக் கையால் காட்டிக் கெஞ்சினார். "ஏத்து. தயவுசெஞ்சு ஏத்து."

அக்கா கண்ணாடியை இறக்கினாள். "மாட்டேன். இதுக்குத்தான் இவகிட்ட அவ்வளவு திட்டு வாங்கினேன்."

"தெருவே போயிடும்."

"நம்ம கார் சாவி யார்கிட்ட இருக்கு?"

அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. "எங்கிட்டதான்."

"டெஸ்ட் பாஸ் ஆனா எனக்குத் தருவீங்களா?"

"அதை வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல இருபது வருஷமாப் பேசியாச்சு" என்று அக்கா கண்ணாடியை ஏற்றினாள்.

"குடுத்துடுங்க தலைவரே. ஸ்கூட்டர் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப் போச்சு, அது வீணாப் போகக் கூடாது" என்றார் பல் டாக்டர். வங்கி மேலாளர் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றிவிடலாம் என்றார். கை தூக்கச் சொன்னார்கள். மாமியார் இரண்டு கையையும் தூக்கினார். தலைவர் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார், ஒருமுறை சுவரைப் பார்த்தார், கடைசியில் காரைப் பார்த்து, "சரி. சாவி உனக்குத்தான்" என்றார்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

அவர் உரக்கச் சொன்னார். இதுவரை அவர் பேசியதிலேயே அதுதான் சுருக்கமான உரை.

பிறகு அக்கா ஏற்றினாள் பாருங்கள். முன்னால் ஏறினாள், பின்னால் ஏறினாள், போதும் போதும் என்று பொறியாளர் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிடும்வரை ஏறினாள். அந்த வாரத்துக் கணக்கை அடித்துவிட்டு, வழக்கம்போல இருங்கள், இன்னொரு வாரம் எண்ணலாம் என்றார் அவர். நாங்கள் வழக்கம்போல இருந்தோம், நான் வகுப்பைக் குழாய் பக்கமே கொண்டுபோகவில்லை. நாலு ஸ்கூட்டரும் ரெண்டு காரும் போய்வருகிற தெரு என்று தெரிந்துவிட்டது. சுவர் அப்படியே இருக்கட்டும் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அன்று நான் சுவரைப் போய்த் தொட்டுவிட்டு வந்தேன்.

அக்கா டெஸ்டில் பாஸ் ஆனாள். மறுநாள் காலை அவர்கள் வீட்டு வாசலில் காரின் உறையை மடித்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் இல்லை. தலைவர் கையில் ஃபைலோடு வெளியே வந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"தெரியலை. போனாத்தான் தெரியும்."

"எனக்குப் பத்து மணிக்குக் கூட்டம் இருக்கு. என்னை யாரு கொண்டு விடறது?"

அக்கா காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "எங்க போகணும்னாலும் சொல்லுங்க, நான் இருக்கேன்ல" என்றாள். சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

கார் பெரிய சாலையில் திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.