சம்மனசின் மஞ்சள் முடி

ஐரீனுடைய முடி மஞ்சளானதற்கு முதற்காரணம் பக்தி, இரண்டாவது காரணம் கஞ்சத்தனம்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் நாடகம் போட்டார்கள். மாதாவிடம் மங்கள வார்த்தை சொல்ல வருகிற தேவதூதர், கபிரியேல் சம்மனசு வேஷம் ஐரீனுக்குக் கிடைத்தது. மாதா வேஷத்துக்குச் சின்னப் பெண்கள் போட்டி போட்டதால், முப்பத்தொரு வயதில் கலியாணமாகாமல் வக்கீல் ஆபீசில் டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சிறகைக் கட்டிவிட்டார்கள். பீடத்துப் பக்கத்தில் நிற்கிற சம்மனசு சுரூபத்துக்குத் தங்க நிற முடி. ஆகவே இவளுக்கும் அப்படியே வேண்டும் என்றார் சுவாமியார். பங்சாவான் என்கிற மலாய் நாடகக்காரர்களிடம் பொய்முடி வாடகைக்குக் கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சொன்ன விலைக்குச் சம்மனசையே இறக்கிவிடலாம் போலிருந்தது.

"நானே பாத்துக்குறேன் சுவாமி" என்று சொல்லிவிட்டு வந்தாள் ஐரீன். புண் கழுவுகிற பெராக்சைடை டிஸ்பென்சரியில் ஒரு புட்டி வாங்கி, குளியலறையில் உட்கார்ந்து, பஞ்சால் தலை முழுக்கத் தடவிக்கொண்டாள். முதல் தடவை செம்பட்டையானது. மறு தடவை இரும்புத் துரு நிறத்துக்கு வந்தது. மூன்றாவது தடவை மண்டையெல்லாம் எரிந்து, கண்ணில் நீர் கொட்டி, கடைசியில் மஞ்சளாயிற்று.

கண்ணாடியைப் பார்த்தாள். "காக்கா மேல வைக்கப்போர் சாஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் தன்னையே பார்த்து. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அடுத்தவர்களுக்கு மிச்சம் வைக்க மாட்டாள். ஆபீசில், கோயிலில், சொந்தக்காரர் கலியாணங்களில் எல்லாம் அப்படித்தான் காலம் தள்ளியிருந்தாள்.

ஜனவரியில் திருக்காட்சித் திருநாள் முடிந்ததும் கறுப்புச் சாயம் பூசிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். குறுக்கே வந்தான் ரேமண்ட்.

ரேமண்ட் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மாடத்தில் ஆர்கன் வாசிப்பான். ஆறு வருஷமாக ஐரீனைத் தூணைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவன், நாடகம் முடிந்ததும் மாடத்திலிருந்து இறங்கி நேரே அவளிடம் வந்தான்.

"இந்த முடி உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு, ஐரீன்" என்றான்.

ஐரீன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. சரி, நம்மைத்தான் சொல்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தில் முதுகுச் சிறகு ஒன்று கழன்று விழுந்தது. அடுத்த வாரமும் பேசினான். அதற்கடுத்த வாரம் இருவரும் கடற்கரைத் திடலில் நடந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்க, அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அன்றைக்கு முடிவு செய்தாள்: இந்த முடியை உயிரே போனாலும் மஞ்சளாகவே வைத்திருக்க வேண்டும்.

உயிர் போகவில்லை, மற்றதெல்லாம் போயிற்று. முடி என்பது வளர்கிற சாமான் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. ஒரு வாரம் போனால் வகிட்டில் கறுப்புக் கோடு, இரண்டு வாரம் போனால் நடுத்தலையில் ஒரு சாலையே போட்டுவிடும். வெள்ளைக்காரிகள் போகிற ஓட்டல் சலூனில் காலெடுத்து வைக்க வழியில்லை. எல்லாம் வீட்டுக் குளியலறையில்தான். பழைய பல் பிரஷ்ஷில் பெராக்சைடைத் தொட்டு, வேரில் மட்டும் படும்படி தடவி, துண்டைச் சுற்றிக்கொண்டு ஜெபமாலையில் பாதி சொல்வாள். முழுதும் சொன்னால் மண்டை வெந்துவிடும், பாதிக்கு முன்னால் கழுவினால் கறுப்பு போகாது. அதனால் கடைசி பத்து மணிகளில் பக்தி அதிகமாகவே இருந்தது.

முடி சுருண்டு பொடிந்தது. பக்கத்து வீட்டு நூர் பீவி, புருஷன் தாடிக்கு வாரந்தவறாமல் மருதாணி வைக்கிறவள், முட்டை வெள்ளைக்கரு தடவச் சொன்னாள். ஐரீன் தடவிக்கொண்டு, குளிர்கிறதே என்று வெந்நீரை ஊற்றிவிட்டாள். முட்டை தலையிலேயே வெந்துவிட்டது. ஒவ்வொரு மயிராகப் பிரித்து எடுக்க நூர் பீவிதான் வந்தாள்.

"நானும் எத்தனையோ தினுசுல முட்டை சமைச்சிருக்கேன் புள்ள, தலையில சமைச்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

"உப்பு பத்தலையாக்கா?" என்றாள் ஐரீன்.

பிறகு தேங்காய்ப்பால் தடவினாள். முடி மெத்தென்று ஆனது நிஜம். ஆனால் படுக்கப் போனால் தலையணையில் எறும்பு வரிசை கட்டி நின்றது. தண்ணீரில் இருக்கிற இரும்புச் சத்தோ என்னவோ, மஞ்சள் நாளாக நாளாகப் பழுப்பேறியது. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிற மாதிரி முடிக்கும் நீலம் போட்டால் பழுப்பு அடங்கும் என்று அவளுக்கே ஒரு யோசனை தோன்றியது. கொஞ்சம் போட்டால் கொஞ்சம் அடங்குமானால், நிறையப் போட்டால் நிறைய அடங்கும் அல்லவா? நீலக்கட்டியை முழுதாக வாளியில் கரைத்துத் தலையை முக்கினாள். முடி பச்சையாகிவிட்டது. பாண்டான் இலைச்சாறு ஊற்றிச் செய்த பலகாரம் மாதிரி அப்படியொரு பச்சை. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பவனியில் போனாள். ஓலை தனியாக வேண்டாம், தலையையே ஆட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று அவளே நூர் பீவியிடம் சொன்னாள்.

அந்த வாரம் பெராக்சைடு இன்னொரு புட்டி செலவழித்துப் பச்சையை மறுபடி மஞ்சளாக்கினாள். இத்தனைக்கும் பலன் இருந்தது. ஈஸ்டர் பெரிய திருநாள் முடிந்த வாரமே ரேமண்ட் வீட்டார் வந்து பேசி, நிச்சயம் செய்துகொண்டு போனார்கள். அடுத்தடுத்த மூன்று ஞாயிறு பூசையில் சுவாமியார் ஓலை வாசிப்பார், அதாவது இன்னாரும் இன்னாரும் கலியாணம் செய்யப் போகிறார்கள் என்று சபையறியச் சொல்லுவார். அப்புறம் கலியாணம்.

முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானம், ஐரீனின் அம்மா சவுரியம்மா சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னம்மா கோயிலுக்குப் போய் உனக்கு முடி எறக்கணும்."

"எதுக்கும்மா?"

"உனக்கு நல்ல எடம் அமைஞ்சா, தாலி ஏறுறதுக்கு முந்தி முழு முடியும் குடுக்குறேன்னு நேந்திருக்கேன். அஞ்சாறு வருசமாச்சு. அப்ப உனக்கு முழங்கால் வரைக்கும் கறுகறுன்னு கெடக்கும்."

ஐரீன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். "நீ நேந்த முடி போயிருச்சும்மா. இது டிஸ்பென்சரி முடி. இதைக் குடுத்தா அன்னம்மாளே கோவிச்சுக்குவாங்க."

"முடி முடிதான். அவ நெறம் பாக்க மாட்டா."

அவள் பார்க்க மாட்டாள்தான். பார்க்கிறவன் வேறொருவன் இருந்தானே! ஐரீன் அன்று சாயங்காலமே கடற்கரையில் ரேமண்டிடம் சொன்னாள். பெராக்சைடு, பல் பிரஷ், முட்டை, நேர்த்திக்கடன் எல்லாவற்றையும் வேடிக்கைக் கதையாகவே சொன்னாள். அவன் முட்டைக்குச் சிரித்தான். மொட்டைக்குச் சிரிக்கவில்லை.

"அம்மாகிட்டச் சொல்லி, கலியாணத்துக்கு அப்புறம் எறக்கிக்கயேன்" என்றான். "போட்டோ எடுக்கணும். ஆபீஸ்ல தேத்தண்ணி விருந்து வைக்கிறாங்க. தொரையெல்லாம் வருவாரு. எல்லார்ட்டயும் உன் முடியப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்."

"என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"அதான் சொன்னேனே" என்றான் ரேமண்ட்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது ஐரீனுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் அவன் மேல் கோபப்படவும் வழியில்லை. ஒரு முடியைக் காவல் காத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், அவன் தூங்கின பிறகு பல் பிரஷ்ஷோடு குளியலறைக்குள் நுழைந்து, கிழவியாகும் வரை அரை ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிற தன்னை நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. இவனை விட்டால் வேறு யாரும் வரப்போவதில்லை என்கிற பயம் ஒரு பக்கம், இவன் நம்மைப் பார்க்கத்தான் வந்தானா என்று தெரியாமலே வாழ வேண்டிவருமோ என்கிற பயம் இன்னொரு பக்கம்.

இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமை, ரேமண்டுக்குச் சொல்லாமல், அம்மாவோடு பெரிப் படகு ஏறி அக்கரைக்குப் போய், புக்கிட் மெர்த்தாஜாமில் அன்னம்மாள் கோயில் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

சவரக்காரர் முடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, இது என்ன சீக்கு?" என்றார்.

"காதல்" என்றாள் ஐரீன். சவுரியம்மா அவள் தோளில் ஒரு அடி வைத்தாள்.

மடியில் விழுந்த முடியில் ஒரு கொத்தை ஐரீன் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அசட்டு முடிதான். ஆனாலும் ஒரு மனுஷன் திரும்பிப் பார்த்த முடி.

மறுநாள் ஞாயிறு. ஐரீன் முக்காடு போட்டுக்கொண்டு முன்வரிசையில் முழந்தாளிட்டாள். தலை குனிய வேண்டிய இடத்தில் குனிந்தாள். முக்காட்டைப் பிடித்து நிறுத்த ஊசி வேண்டும், ஊசி நிற்க முடி வேண்டும் என்பது அப்போதுதான் அவள் புத்திக்கு எட்டியது. துணி வழுக்கிக்கொண்டு போய்ப் பின்வரிசைக்காரி மடியில் விழுந்தது.

மேலே ஆர்கன் நடுப்பாட்டில் நின்றது. பாடகர்கள் கொஞ்ச தூரம் தனியாகப் பாடிப் பார்த்துவிட்டு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் எப்படியோ தட்டுத் தடுமாறி ஆர்கன் மறுபடி கிளம்பியது. பிரசங்கத்துக்கு முன்னால் சுவாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். "இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடவார்கள்" என்று அவர் சொன்னதும், கோயில் முழுக்க ஐரீனின் தலையைப் பார்த்தது. அவள் காது மடலெல்லாம் சுட்டது. மறைக்க ஒரு மயிர் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தாள். ரேமண்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் முக்காட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொன்னேனே. போட்டோவுக்கு அப்புறம்னீங்க."

அவன் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "ஐரீன், கலியாணத்த ஒரு வருசம் தள்ளி வச்சுக்குவமா? முடி வளரட்டும்."

இதற்குச் சொல்ல அவள் நேற்றுப் பெரியிலேயே இரண்டு மூன்று வேடிக்கை தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"வளரும்" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "கறுப்பா வளரும். அப்புறம் ஒரு நாளைக்கு வெள்ளையாகும். மஞ்சளா மட்டும் வளராது. அது வேணும்னு காத்திருந்தீங்கன்னா, அப்படி ஒருத்தி இல்ல. நாந்தான் இருக்கேன். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, எனக்கு வருத்தமா இருக்கும், ஆனா கேட்டுக்குவேன்."

ரேமண்ட் ஓரடி நெருங்கி வந்தான். அவள் தலையைப் பார்த்தான். காதைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான். பெண்கள் முக்காடு மடிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

"வெயில் சுடும்" என்று சொல்லி, தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தான். "வர்ற மாசமே இருக்கட்டும். போட்டோவும் எடுத்துக்குவோம். ஆனா ஒண்ணு, ஐரீன். பொய் சொல்ல மாட்டேன். கண்ணுக்குப் பழக எனக்குக் கொஞ்ச நாளாகும்."

"எனக்கே இன்னும் பழகல" என்றாள்.

தொப்பி பெரிசு. தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் மூக்குவரை இறங்கிவிட்டது. முன்னால் வழி தெரியவில்லை. அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள், முப்பத்தொரு வயதில், கோயில் வாசலில், அத்தனை பேரும் பார்க்க.