இலையா, தேனா

அக்காவின் போன் வந்தபோது பட்டாசு ஒரு தேயிலை மாதிரியை அரைத்துக்கொண்டிருந்தாள். உணவுப் பொருள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். திரியைப் பார்த்தாலே வெடித்துவிடுகிறவள் என்று சொல்வார்கள். எந்தச் சரிவில் விளைந்த தேயிலை, எந்தப் பூவிலிருந்து வந்த தேன் என்பதை, அந்தச் செடி விட்டுப்போன வேதிப்பொருள்களை வைத்துக் கண்டுபிடிப்பது அங்கே அன்றாட வேலை.

"அத்தான் விழுந்துட்டாருடி. காலையில இருமலுக்கு மூலிகை டீ குடிச்சாரு. வேர்த்துக் கொட்டிச்சு, வாந்தி எடுத்தாரு, அப்படியே சரிஞ்சிட்டாரு. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கோம். நாடி ஏறவே மாட்டேங்குது."

"என்ன இலை போட்டே?"

"நம்ம தோட்டத்து இலைதான். எப்பவும் போடுறது."

பட்டாசு அரைப்பதை நிறுத்தினாள். அக்காவின் தோட்டத்தில் மூலிகைப் பாத்தியை ஒட்டியே, மணி மணியாய் ஊதாப் பூ தொங்கும் செடிகள் வளர்ந்திருந்தன. பூக்காத பருவத்தில் அவற்றின் இலையையும் இருமல் இலையையும் பிரித்துச் சொல்வது சிரமம். 'இது நெஞ்சையே நிறுத்திடும், பார்த்துப் பறி' என்று அக்காவை எச்சரித்தவளே இவள்தான். தெரிந்தவள் தவறிப் பறிப்பாளா? போன மாதம் ஒரு சண்டைக்குப் பிறகு அக்கா அழுதுகொண்டே சொன்னதும் ஞாபகம் வந்தது: 'இந்த மனுஷன் போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு விடிவு.' சீ, என்ன நினைப்பு என்று அதை விரட்டினாள். விரட்ட விரட்ட அது ஈ மாதிரி வந்து உட்கார்ந்தது.

மருத்துவர் போனை வாங்கினார். "இலையில விஷம்னா அதுக்கு மாற்று மருந்து இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். இந்த நிலைமையில ஆம்புலன்ஸ்ல ஏத்தினா வழியிலேயே ஏதாவது ஆகலாம். டீயில தேனும் கலந்தாங்களாம். சில தேன் இதே மாதிரி நாடியை இறக்கும்னு படிச்சிருக்கேன். தேன்தான்னா என்கிட்ட இருக்கிற மருந்தே போதும். எதுன்னு சொல்லுங்க, சீக்கிரம்."

மிச்ச டீயையும் தேன் பாட்டிலையும் அத்தானின் தம்பி கொண்டுவந்தான். மேசையில் வைத்த வேகத்தில் பாட்டில் உருண்டிருக்கும்.

"என் அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சு, உங்க அக்காவைச் சும்மா விட மாட்டேன். போலீஸுக்குப் போவேன். கட்டின புருஷனுக்கு இலையைக் காய்ச்சிக் கொடுத்திருக்கா!"

பட்டாசு கையுறையை எடுத்தாள். ஆய்வுக்கூடத் தலைவி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"உன் வீட்டு விவகாரம். நீ தொட்டா நாளைக்கு இந்த முடிவை ஒருத்தனும் நம்ப மாட்டான். ஆமை செய்யட்டும்."

ஆமை என்பது பட்டாசின் பக்கத்து மேசைக்காரர். நெருப்புப் பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாரையும் சரிபார்த்துவிட்டுத்தான் ஓடுவார். அவர் டீயை வடிகட்டினார். மறுபடி வடிகட்டினார். அதைக் கருவியில் ஏற்றிவிட்டு, தேனில் ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பான நீரில் கரைக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் சீக்கிரம், சார்!"

"அவசரத்துல கலக்கினா நுரை வரும்மா. நுரை வந்தா திரும்பக் கரைக்கணும்."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெருப்பின்மேல் நிற்பவள்போல் நின்றாள். கருவித்திரையில் கோடு ஊர்ந்தது. ஊதாப் பூச்செடியின் விஷம் இருந்தால் எந்த இடத்தில் கோடு எழும்பும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தை நெருங்க நெருங்க மூச்சை அடக்கினாள். எழும்பினால் அக்காவைப் பற்றி என்ன நினைப்பது, யாரிடம் என்ன சொல்வது என்றெல்லாம் மனம் ஓடியது. கோடு அந்த இடத்தைத் தாண்டிச் சமமாகவே போனது.

"டீயில அது இல்ல," என்றார் ஆமை. "ஆனா வேற ஒண்ணு இருக்கு. இலையிலேருந்து வந்ததா, தேன்லேருந்து வந்ததான்னு பார்க்கணும். பொறு."

தேன் கரைசலைச் சுழலும் கருவியில் சுற்றி, அடியில் படிந்த வண்டலை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். பார்க்கலாம், தொடக்கூடாது என்பதுபோலத் தலைவியும் தலையசைத்தார்.

நான்கு நான்காக ஒட்டிக்கொண்ட மகரந்தத் துகள்கள். பார்த்த இடமெல்லாம் அவைதான்.

"ரோடோடென்ட்ரான்!" என்று கத்தினாள். மலைச்சரிவுகளில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் மரம். அதன் சில வகைகளின் தேனில் நாடியை இறக்கும் நஞ்சு இருக்கும்.

ஆமை அசையவில்லை. "மகரந்தம் ஆளைக் காட்டுது. நஞ்சைக் கருவிதான் காட்டணும்." தேனைத் தனியாகக் கருவியில் ஏற்றினார். இந்த முறை கோடு செங்குத்தாக எழும்பியது. டீயில் தெரிந்த அதே இடம், அதே பொருள். "இப்ப போன் பண்ணு. தேன்தான்."

மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பியவள் அத்தானின் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தத் தேன் நான் வாங்கினது," என்றான். "மலைக்குப் போனப்ப, உடம்புக்கு நல்லதுன்னு ஒருத்தன் வித்தான். ரெண்டு பாட்டில்."

"இன்னொண்ணு எங்கே?"

"வீட்டுல. பொண்டாட்டி, பிள்ளைங்க..." போனை எடுத்தவன் எண்ணைத் தப்புத் தப்பாய் அழுத்தினான். பட்டாசு பிடுங்கிப் போட்டுக் கொடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் மனைவி எடுத்தாள்.

"அந்தத் தேனைத் தொட்டீங்களா? யாராவது சாப்பிட்டீங்களா?"

"இல்லியே, இன்னும் மூடிகூடத் திறக்கல. ஏன், என்னாச்சு?"

அவன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பட்டாசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மருந்து ஏற்ற ஏற்ற அத்தானின் நாடி மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. "ஆம்புலன்ஸ் வேண்டாம். ஒரு நாள் கண்காணிப்புல இருக்கட்டும், தேறிடுவாரு," என்றார் மருத்துவர். அத்தான் கண் திறந்து, "நாக்கெல்லாம் மரத்துப்போச்சு," என்று முனகினார். கூடவே வந்த தம்பி அக்காவின் முன்னால் நின்று, "அண்ணி, நான் வாய்க்கு வந்தபடி..." என்று தொடங்கினான். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"போய் உங்க அண்ணன்கிட்ட உட்காருங்க."

தாழ்வாரத்தில் சகோதரிகள் இருவரும் தனியே நின்றார்கள். அக்காவின் சேலை முந்தானை, கசக்கிக் கசக்கிக் கந்தலாகியிருந்தது.

"போன்ல என்ன இலைன்னு கேட்டே பாரு," என்றாள் அக்கா. "கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்ப என்னடி நெனச்சே?"

ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நீதானோன்னு நெனச்சேன்க்கா," என்றாள் பட்டாசு.

அக்கா அவளைப் பார்த்தபடியே நின்றாள். அடிப்பாளோ என்றிருந்தது. அக்கா அடிக்கவில்லை, அழவும் இல்லை. அறைக்குள் போய்க் கணவனின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். கதவை மூடவில்லை, உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை. பட்டாசு சிறிது நேரம் வாசலிலேயே நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.