படகுக்கு முன்

மனித குலம் சரியத் தொடங்கிய நாள் எதுவென்று மூணுவுக்குத் துல்லியமாகத் தெரியும். ‘சாம்பல்நாடு’ விளையாட்டின் ஐந்தாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அதற்கு முன்னால் நடந்த போர்கள், பஞ்சங்கள், கொள்ளைநோய்கள் எல்லாம் அவனைப் பொறுத்தவரை சில்லறைச் சறுக்கல்கள். உண்மையான வீழ்ச்சி அன்றைக்குத்தான். லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில், ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரும் மறு கையில் யாருடையதோ கீபோர்டுமாக நின்றபடி, சார்ஜ் ஏறவில்லை என்று வந்த வாடிக்கையாளரிடம் சிரிக்காமல் இதை விளக்குவான். அவர் பாவம், சார்ஜ் எப்போது ஏறும் என்று கேட்பார்.

“அது ஏறிடும் சார். மனுஷன்தான் இறங்கிட்டான்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவன் பிடித்தது மூன்றாம் பாகம். கடைக்காரர்தான் முதலில் ‘மூணு’ என்று கூப்பிட்டார். பிறகு வீட்டிலும் அதுவே நிலைத்தது. நாலாம் பாகத்தைப் பற்றி எந்தக் கட்சிக்காரனும் பேசுவதில்லை, வீட்டை விட்டு ஓடிப்போன சித்தப்பாவைப் பற்றிப் பேசாததுபோல.

சாம்பல்நாடு என்பது ஒரு பெரிய கற்பனை நாடு. மலை, ஏரி, இடிந்த கோட்டை, ஓநாய்க் கூட்டம் எல்லாம் உண்டு. எந்தத் திசையிலும் போகலாம். கதை ஒன்று இருக்கிறது, ஆனால் யாரும் கழுத்தைப் பிடித்து அதற்குள் தள்ளமாட்டார்கள். மூன்றாம் பாகத்தில் வழி தெரிய வேண்டுமென்றால் எதிரே வருகிறவனைக் கேட்க வேண்டும். “ஆத்தோரமா போ, இடிஞ்ச பாலம் வரும், அதுக்கு முன்னாடியே திரும்பிடு” என்பான். பாலத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பியிருக்க வேண்டிய இடம் தெரியும். இது மூணுவுக்கு வேதம். ஐந்தாம் பாகத்திலோ திரையின் உச்சியில் தங்க நிறத்தில் ஓர் அம்பு. அது காட்டும் பக்கம் நடந்தால் போதும்.

அம்பைக்கூட மன்னித்திருப்பான். மன்னிக்க முடியாதது மற்றொன்று. மூன்றாம் பாகத்தில் யாரும் சாகலாம். கதைக்கு வேண்டிய ஆள் செத்துப்போனால் திரையில் ஒரே ஒரு வரி வரும்: ‘இந்தக் கதைக்கு இனி முடிவு இல்லை. வேண்டுமானால் நடந்துகொண்டிரு.’ ஐந்தாம் பாகத்தில் முக்கியமானவர்கள் சாகமாட்டார்கள். அடி விழுந்தால் மண்டியிடுவார்கள், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் கொஞ்சம் மூச்சு வாங்குவார்கள், பிறகு எழுந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

“சாவே இல்லாதவன் உயிரோட இருக்கான்னு எப்படிச் சொல்றது? அவன் மேசை நாற்காலி மாதிரி. முக்கியமானவங்க சாகாத உலகம் ஒரு உலகமா?” என்பான் மூணு.

இதையெல்லாம் அவன் அதிகம் சொன்னது அண்ணனிடம்தான். நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. அண்ணன், அண்ணி, மூணு, ஒரே கம்ப்யூட்டர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடம் முன்பு அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லிவைத்தாற்போல் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, நாலு மணி நேரம் டயாலிசிஸ். மூணுவின் இரத்த வகை ஒத்துப்போகவில்லை. அண்ணிக்குச் சர்க்கரை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அண்ணன் பெயர் எங்கோ நடுவில் இருந்தது. அதன் வருகைக்காகத்தான் மூன்று பேரும் காத்திருந்தார்கள். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் பேசவில்லை.

மெஷின் இல்லாத நாட்களில் அண்ணன், ஊசி குத்திக் குத்தி வீங்கிய இடது கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு ஐந்தாம் பாகம் ஆடுவான். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று அண்ணி அதில் கறுப்பு மையால் கோடு போட்டிருந்தாள்.

“அம்பைப் பாத்து நடக்கிறதுக்கு நாய்க்குட்டி போதும்ணா, நீ எதுக்கு?”

“ஏன்டா, நான் முப்பது மாடிக் கட்டடத்துல வேலை பாத்தவன். நடுவுல மாட்டிக்கிட்டவன்கிட்ட ‘ஆத்தோரமா போ’ன்னா சொன்னேன்? அம்பு வேணும்டா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.”

அண்ணனுக்குப் பிடித்த ஆள் ஏரிக்கரைப் படகுக்காரன். எல்லாப் பாகத்திலும் வருகிறவன். ஒவ்வொரு முறை படகேறப் போனாலும் ஓநாய்கள் வரும், படகுக்காரன் மண்டியிடுவான். அண்ணன் ஓநாய்களை விரட்டிவிட்டு, மேலே போகாமல் அவன் பக்கத்திலேயே நிற்பான்.

“அவன்தான் சாகமாட்டானே, எதுக்கு நிக்கிற?”

“எந்திரிக்கட்டும். சேந்து போலாம்.”

“ஒவ்வொரு தடவை படகேறதுக்கு முன்னாடியும் ஒரு சேவ் வேற! இதுவரைக்கும் எத்தனை வெச்சிருக்க? இருநூறா?”

“இருநூத்திப் பதினாலு.”

சேவ் என்பது ஆட்டத்தை நின்ற இடத்திலேயே பதிந்துவைப்பது; எப்போது வேண்டுமானாலும் அங்கே திரும்பிப் போகலாம். மூணு மூன்றாம் பாகத்தில் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. பதினாலு வயதில் தொடங்கி, பன்னிரண்டு வருடமாகப் பழையதன் மேலேயே பதிந்து வந்தது. திரும்பிப் போக வழி வைத்துக்கொண்டு நடப்பவன் நடக்கவே இல்லை என்பது அவன் சித்தாந்தம். இன்னும் கதையை முடிக்கவில்லை. முடிப்பதற்கு மனம் வரவில்லை என்பதைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஒரு நாளாவது மூணாம் பாகத்தை ஆடிப் பாருண்ணா. ஆம்பளையா ஒரு நாள் வாழ்ந்து பாரு,” என்று இரண்டு வருடமாக நச்சரித்தான். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். ஒரு திங்கட்கிழமை, மூணு கடையில் இருந்தபோது, அண்ணன் கரைந்தான்.

சாயங்காலம் மூணு வீடு திரும்பியபோது அண்ணன் முகத்தில் பெருமை.

“உன் மூணாம் பாகத்தை ஆடினேன்டா. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டாலும் விட்டான், ஏரியைக் கண்டுபிடிச்சிட்டேன். அம்பே இல்லாம!”

“நிஜமாவா?” மூணுவுக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்தது. “அப்புறம்?”

“அப்புறம் நம்ம படகுக்காரன். ஓநாய் வந்துச்சு. அவன் விழுந்துட்டான். நானும் பக்கத்துலயே நின்னேன். இருபது நிமிஷம் நின்னேன்டா. நடுவுல போய் ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு வந்தேன், அப்பவும் படுத்தே கெடக்கான். என்னமோ ஒரு வரி வந்துச்சு, கண்ணாடி போடல. கம்ப்யூட்டர் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு, சேவ் பண்ணிட்டு அணைச்சிட்டேன்.”

மூணு பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். திரை விழித்தது. ஏரி. கரையில் படகு. படகுக்குப் பக்கத்தில், முகம் மண்ணில் பதிய, படகுக்காரன். கதை முடிய வேண்டிய கறுப்புத் தீவுக்கு வழி தெரிந்த ஒரே ஆள். கீழே அந்த வரி. மூணுவின் ஒரே சேவின் மேலேயே அண்ணன் பதிந்திருந்தான்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எட்டிப் பார்த்து, “இன்னுமா எந்திரிக்கல?” என்றான்.

“எந்திரிக்க மாட்டான்! இதுல யாரும் எந்திரிக்க மாட்டாங்க! பன்னெண்டு வருஷம்ணா! நீ ஆடுற பொம்மை விளையாட்டுன்னு நெனச்சியா? நிஜத்துலயும் அப்படித்தான். செத்தா செத்ததுதான், எவனும் தூசி தட்டிட்டு எந்திரிச்சு வரமாட்டான்!”

அண்ணியின் கையில் சட்டை பாதி மடிப்பில் நின்றது.

“அப்படியா?” என்றான் அண்ணன், மிகவும் பொறுப்பாக. “நல்லவேளை சொன்ன. குறிச்சு வெச்சுக்கறேன்.”

அதற்குப் பிறகு மூணு அண்ணனிடம் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் கோபமா வெட்கமா என்று அவனே பிரித்துப் பார்க்கவில்லை; கோபம் என்று வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. “தம்பி, படகுக்காரருக்கு எத்தனை நாள் துக்கம்?” என்று அண்ணி மட்டும் தட்டை வைக்கும்போது கேட்டாள். “கடையில லீவு சொல்லணுமா?”

சனிக்கிழமை அண்ணி வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்பதால், டயாலிசிஸுக்குக் கூடப் போவது மூணுவின் முறை. பேசாமலே ஆட்டோவில் ஏறினார்கள். பேசாமலே எடை பார்த்தார்கள். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆளுயர மெஷின். அண்ணன் கையில் இரண்டு ஊசி ஏறியது. சிவப்புக் குழாய் சுழலத் தொடங்கியது. இரண்டாவது மணி நேரத்தில் அண்ணன்தான் மௌனத்தை உடைத்தான்.

“டேய், நான் யோசிச்சேன். அந்தப் படகை நீயே ஓட்டிட்டுப் போக முடியாதா? அவன் இல்லாட்டி என்ன, துடுப்பு இருக்குல்ல, அதை எடுத்து…”

தலை முன்னால் சரிந்தது. மெஷின் கத்தியது.

நர்ஸ் ஓடி வந்து நாற்காலியைச் சாய்த்து, கால்களைத் தூக்கிவிட்டாள். இன்னொரு நர்ஸ் எதையோ திருகினாள். “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” மூணு தள்ளி நிற்கவில்லை. தன்னையறியாமலே எண்ணிக்கொண்டிருந்தான். பத்து. இருபது. முப்பத்தெட்டில் அண்ணனின் விரல் அசைந்தது. நாற்பத்தொன்றில் கண் திறந்தது. வெள்ளைக் கூரையைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான்.

“…துடுப்பை எடுத்து நீயே போட முடியாதா?” என்றான்.



நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் மூணுவைத் தனியாகக் கூப்பிடவில்லை. அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். இதயம் நாலில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை. இன்னொரு தடவை மெஷினில் போட்டால் மெஷினிலேயே முடிந்துவிடலாம். இந்த இதயத்துக்கு மாற்று அறுவையும் ஆகாது, அதனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறார்கள்.

“வேற வழி?” என்றான் மூணு.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி தெரியாம மருந்து தர்றேன்.”

“எத்தனை நாள் சார்?” இதைக் கேட்டது அண்ணன்.

“பத்து நாள். கொஞ்சம் கூடலாம், குறையலாம்.”

மெஷினைக் கழற்றி, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்காக வாசலில் நின்றார்கள். சாலையில் மதிய வெயில். எதிர்க் கடையில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“அம்பு இல்லாத இடத்துக்கு வந்துட்டோம்டா,” என்றான் அண்ணன். “உனக்குப் பிடிச்ச மாதிரி.”

இந்த உலகத்தில் எதற்கும் பதில் வைத்திருந்த மூணு, பஞ்சு நழுவாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அண்ணி பாட்டிலை எடுத்துப் போய், நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கறுப்புக் கோட்டை அழித்தாள். பிறகு அதை வாய்வரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். “குடிங்க. எவ்வளவு வேணுமோ குடிங்க.” இரண்டு வருடமாக முழு டம்ளருக்கு ஏங்கியவன் பாதி குடித்துவிட்டு, “இவ்வளவுதானா இது?” என்று கேட்டான்.

ஏழாம் நாளோடு பேச்சு குறைந்தது. கால் வீங்கியது, மூச்சு இரைந்தது. அண்ணி பல் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். மூணுவுக்குக் கடைக்காரரே விடுப்புக் கொடுத்தார். கொடுக்கும்போது மூணு என்று கூப்பிடாமல் நிஜப் பெயரைச் சொன்னார். அது அவனுக்குப் பயமாக இருந்தது.

எட்டாம் நாள் மதியம். உள்ளறையில் அண்ணன் தூக்கத்தில் இருந்தான். அது தூக்கம்தான் என்று அண்ணி சொன்னாள். வெளியறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் தலையணை இன்னும் நாற்காலிக் கையிலேயே கிடந்தது. நடுவில் அண்ணனின் கை அழுந்திய பள்ளம். மூணு அதைத் தட்டிச் சரிசெய்யவில்லை.

மூன்றாம் பாகத்தைத் திறக்கவில்லை. அங்கே இன்னும் ஒருவன் குப்புறக் கிடந்தான்.

ஐந்தாம் பாகத்தைத் திறந்தான். அண்ணனின் சேவ்கள் இருநூற்றுப் பதினாலும் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் பெயர் வைத்திருந்தான். ‘படகுக்கு முன்.’ ‘படகுக்கு முன்.’ ‘படகுக்கு முன், கால்வலி.’ ‘படகுக்கு முன், அவள் வந்துவிட்டாள், பிறகு.’ மூணு கடைசியில் இருந்ததை அழுத்தினான்.

தங்க அம்பு இடப்பக்கம் காட்டியது. இடப்பக்கம் நடந்தான். வலப்பக்கம் காட்டியது. வலப்பக்கம் நடந்தான். ஏரி வந்தது. ஓநாய்கள் வந்தன. படகுக்காரன் மண்டியிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றித் தலையைத் தொங்கவிட்டான்.

மூணு ஓநாய்களை விரட்டினான். மேலே போகலாம், வழி திறந்துதான் இருந்தது. பக்கத்தில் வந்து நின்றான். எண்ணினான். இருபத்தாறில் படகுக்காரன் தலையை நிமிர்த்தி, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

“எங்க விட்டேன்? ஆங், அக்கரைக்கா போறீங்க?”

உள்ளறையிலிருந்து, யாரோ தொலைவில் பேசுவதுபோல், அண்ணன் குரல் வந்தது.

“எந்திரிச்சிட்டானா?”

“எந்திரிச்சிட்டாண்ணா.”

மூச்சு இரைந்தது. பிறகு, “எந்தப் பாகம்டா?”

மூணு திரையைப் பார்த்தான். அம்பு அக்கரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

“மூணு,” என்றான்.

உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம், சளியாகவும் இருக்கலாம். அண்ணி ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு அந்த இரைச்சல் மட்டும்.

படகுக்காரன் துடுப்போடு காத்திருந்தான். மூணு ஏறவில்லை. ஒலியைக் குறைத்துக்கொண்டு பட்டியலுக்குத் திரும்பினான். பழையதை மறுபடி அழுத்தி, ஏரிக்கரைக்குச் சற்று முன்னால் போய் நின்று, ஓநாய்கள் வருவதற்குள் புதிதாக ஒரு சேவ் வைத்தான். இருநூற்றுப் பதினைந்து. பெயர் கேட்டது. அண்ணன் வைத்த பெயரையே வைத்தான்.