மூன்று தட்டு, ஒரு தட்டு

அரிசி களைந்த ஈரக்கையோடு கயல்விழி ஓடினாள். டொக் டொக் டொக், கொஞ்சம் நிறுத்தி, டொக். அந்தச் சத்தம் கேட்டால் எதை வேண்டுமானாலும் போட்டுவிட்டு ஓடுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் ஆள் இருக்கிறது, மேலே தூக்கு என்று மணியடித்துச் சொல்லும் கணக்கு அது. சுரங்கத்தை மூடியும் அவள் அப்பா ராகுலன் அதை விடவில்லை. நெஞ்சில் படிந்த தூசி மூச்சை அடைக்கும்போது வாயால் கூப்பிட முடியாது. கரண்டியால் கட்டில் கம்பியில் தட்டுவார். உடனே நெபுலைசரை மூக்கில் வைத்தாக வேண்டும். தாமதித்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அந்தக் கரண்டிச் சத்தத்துக்காகத்தான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தாள்.

ஹாலுக்குள் போய்ப் பார்த்தால் அப்பா இரும்பு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மூங்கில் குச்சிகளால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கண்ணை மூடி நின்றவன் அவள் அண்ணன் சித்தார்த்தன்.

சித்தார்த்தன் நாடகக்காரன். ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய் நடிப்புச் சொல்லிக்கொடுக்கிறவன். அப்பா தட்டுவதையும் மூச்சுக்குத் தவிப்பதையும் வைத்து அவன் ஒரு பயிற்சி உண்டாக்கியிருந்தான். அங்கே அதற்கு அவ்வளவு மரியாதையாம், பார்த்தவர்கள் அழுதுவிடுவார்களாம். ஊரில் இருந்த காலத்தில் நாடகக்கார ஐயா ஒருநாள்கூட நெபுலைசரைத் தொட்டதில்லை. இப்போது கலாச்சாரப் பரிமாற்றம் என்று மாணவர்களைப் பாலகாட்டுச் சுரங்கக் குடியிருப்புக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் பரிமாற்றத்தில் கயலுக்குக் கிடைத்தது ஹாலுக்குப் பின்னால் சமையல் வேலை.

"நைனா தட்டுறாருன்னு நெனச்சேன்," என்றாள்.

"நான்தான் கூடவே இருக்கறேனே கயலு. நைனா மூச்சு எனக்குத் தெரியாதா? இதைத்தானே உலகம் பூரா சொல்லிக் குடுத்துகினு இருக்கறேன்."

தெரிந்திருக்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். திரும்பிப்போய் உலையில் அரிசியைப் போட்டாள்.

குழம்பு கொதிக்கும்போது மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை மூங்கில் இல்லை, இரும்பில் கரண்டி. நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே அப்பா சவரம் செய்த முகம் பளபளக்க, நாற்காலிக் காலில் கரண்டியால் தட்டி, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் பதறி நின்றதைப் பார்த்ததும் அவர்கள் அதுவும் நாடகத்தில் ஒரு கட்டம் என்று எண்ணிக் கைதட்டினார்கள். செம்பட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி எழுந்து அவளுக்குக் கும்பிடு போட்டாள். சித்தார்த்தனும் சிரித்தான்.

"இன்னாத்துக்கும்மா சும்மா சும்மா ஓடியார?" என்றார் அப்பா. "இவ்ளோ பேரு எதிர்ல மானம் போவுது. கூப்டாதான் வரணும், இன்னா?"

மகன் வந்த நாளிலிருந்து அவர் இப்படித்தான். ராத்திரி பகலாக மெஷின் பிடித்தவளைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. சரி நைனா என்று சொல்லிவிட்டுக் கயல் அடுப்படிக்கு வந்தாள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றி அப்பளம் பொரிக்க உட்கார்ந்தாள்.

மூன்றாவது தடவை கேட்டபோது அவள் எழவில்லை. மூங்கில் சத்தங்களுக்கு நடுவே கரண்டிச் சத்தம் தனியாகத் தெரிந்தது, கொஞ்சம் அவசரமாக. கை தானாகவே நெபுலைசர் பக்கம் போயிற்று. இழுத்துக்கொண்டாள். மறுபடி போய் நின்று கைதட்டு வாங்க வேண்டுமா? அவன்தான் பக்கத்தில் இருக்கிறானே, உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கிறவன். பார்க்கட்டும். ஒரு தடவையாவது அவன் பார்க்கட்டும். அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

உள்ளே எல்லோரும் இழுத்து இழுத்து மூச்சு விடத் தொடங்கினார்கள். அப்பாவின் மூச்சு அச்சு அசலாக வந்தது. இத்தனை பேர் தொண்டையில் அப்பாவுடையது எது, அவர்களுடையது எது என்று அவளுக்கே பிரிக்க முடியவில்லை. கரண்டி மூன்று தட்டியது. பிறகு இரண்டு. பிறகு கணக்கில்லாமல் ஒன்று. ஒருநாளும் அவர் கணக்குத் தவறியதில்லை. அப்பளம் கருகுவதை விட்டுவிட்டு நெபுலைசரோடு ஓடினாள்.

எல்லோரும் கண்ணை மூடி, வாயைப் பிளந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள். சித்தார்த்தன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தவன், அப்பா பக்கம் திரும்பாமல், அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான்.

"அண்ணா, நைனாவைப் பாரு," என்றாள். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அப்பாவின் தலை மார்பில் தொங்கியிருந்தது. கயல் பிள்ளைகளைத் தாண்டி விழுந்தடித்து ஓடி, நெபுலைசரை மாட்டுவதற்காக அந்த முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். சவரம் செய்த தாடை அவள் கையில் கனமாக விழுந்தது.

மடியிலிருந்து கரண்டி சரிந்து, உருண்டு, செம்பட்டை முடிக்காரியின் முழங்காலில் முட்டி நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். தன் முறை வந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, கரண்டியை எடுத்துக் குர்தாவில் துடைத்து, கயலைப் பார்த்துப் புன்னகைத்தாள். நாற்காலிக் காலில் மெதுவாக, பிசகாமல், மூன்று தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டினாள்.

வட்டம் முழுவதும் மூங்கிலால் பதில் தட்டியது.